கிழங்கு வடித்த தண்ணீர்

உருளைக்கிழங்கு வேகும் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. ஈர மண்ணும் லேசான இனிப்பும் கலந்த அந்த ஆவி, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, குஷாய்குடாவில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னலில் எந்நேரமும் படிந்திருந்தது. அந்த வருடம்தான் அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன.

டயாலிசிஸ் செய்த மருத்துவமனையில், உணவு முறை சொல்லித்தரும் பெண், கிழங்கிலுள்ள பொட்டாசியத்தை அப்பாவின் உடம்பால் வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம் என்று அம்மாவை எச்சரித்திருந்தார். கிழங்கையே விட்டுவிட்டிருக்கலாம், ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்து எத்தனை வருடமாகியும் அப்பாவுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே அம்மா அதற்கென்று இருந்த முறையைக் கற்றுக்கொண்டாள்: தோலைச் சீவி, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்துக் கொட்டி, பாத்திரம் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீரில் இன்னொரு கொதி. உப்பு கூடாது. 'அந்தத் தண்ணி அப்பாவுக்கு வெசம், நீ அதுல கைய வைக்காத' என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

சக்கையாக வந்து சேரும் அந்தக் கிழங்கைப் பார்த்து அப்பா, 'உங்கம்மா இதைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி வெள்ளக்காரியாக்கிட்டா' என்பார். பிறகு, வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் 'நக்கோ'வைச் சொல்லித் தட்டைத் தள்ளுவார். 'நக்கோவாவது ஹவ்வாவது, வாயத் தொறங்க' என்று, ஆமாம் என்பதற்கான இந்த ஊர்ச் சொல்லையும் சேர்த்து அதட்டுவாள் அம்மா. நான் சிரிப்பேன், அவர்களும் சிரிப்பார்கள்.

அந்தக் கோடையில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஊரிலிருந்து உதவிக்கு வந்தாள். நோயின் தீவிரத்தை அவளிடம் சொல்லக்கூடாது, அக்கா தாங்கமாட்டாள் என்று அப்பா கட்டளையிட்டிருந்தார். சில நாட்களில் அம்மா காய்ச்சலில் விழ, அடுப்படி அத்தையிடம் போனது. அம்மா படுக்கையில் இருந்தபடியே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள்.

'வடிச்ச தண்ணியக் கொட்டிருங்க மைனி.'

'சத்தையெல்லாம் சாக்கடைக்கு ஊத்தச் சொல்லுத. எதுக்குட்டி?'

'டாக்டர் சொல்லியிருக்காங்க.'

'படிச்சவங்களுக்கு அடுப்படியப் பத்தி என்ன தெரியும்!'

அம்மா மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை குறை வைக்காமல் எல்லாம் செய்தாள். கிழங்கை ஊறவைத்தாள், இரண்டு முறை வேகவைத்தாள், தண்ணீரையும் வடித்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று காலை, பல் விளக்கப் போன அப்பா வாஷ்பேசினுக்குக் கீழே சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இந்த நோயில் இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்றார் டாக்டர்.

துக்கம் விசாரிக்க வந்த பெண்களுக்கு நடுவே அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். 'கடைசி ரெண்டு நாளும் எங்கையால ரசம் குடிச்சானே! கிழங்குத் தண்ணியக் கொட்ட மனசில்லாம ரசத்துல விட்டேன். இன்னுங் கொஞ்சம் ஊத்துக்கான்னு கேட்டுக் கேட்டுக் குடிச்சானே எந்தம்பி!'

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் முழங்காலைப் பிடித்து உலுக்கி, 'சொல்லேன்ளா, குடிச்சான்லா?' என்று கேட்டாள். அந்தக் கையைப் பற்றிக்கொண்டு அம்மா, 'ஆமா மைனி, ருசிச்சுக் குடிச்சாங்க' என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு வருடத் திதிக்கும் அத்தை வந்தாள், அந்த ரசத்தைப் பற்றிச் சொன்னாள், அம்மாவும் ஆமாம் போட்டாள். போன மாதம் அத்தை இறந்துபோனாள். சாவுக்குப் போய்விட்டு, இந்த ஊரிலேயே தார்நாகாவிலிருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிய அன்று, முதல்முறையாக அம்மாவிடம் கேட்டேன், அந்தத் தண்ணீரால்தானா என்று டாக்டரிடம் விசாரித்தாயா என்று. வெசம் என்று என்னிடம் சொன்னதையும் அந்த ரசத்தையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்த்திருப்பேன் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை. மடியில் கிடந்த என் மகளின் தலையைத் தடவினாள்.

'கேட்டு, ஆமான்னுட்டார்னா? வெசம்னு அன்னைக்கு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா மைனி ஊத்தியிருப்பாங்களா? பெறவு நான் யாரைத் திட்ட?'

அந்தக் குவார்ட்டர்ஸில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அந்த டாக்டர் எங்கே போனாரென்று தெரியவில்லை, அத்தையும் இல்லை. என் மகளுக்கு ஒன்றரை வயது. அவளுக்கு ஒரு குறையும் இல்லை, கிழங்கைத் தோலோடு கொஞ்சமாய்த் தண்ணீர் விட்டு வேகவைத்தால் போதும், சத்தும் வீணாகாது என்று குழந்தை மருத்துவர் சொல்லிவிட்டார். அப்படித்தான் செய்கிறேன், செய்தபின் சரிதானா என்று மறுபடியும் போய்க் கேட்கிறேன். தூக்கத்தில் ஏன் வியர்க்கிறது, தும்மல் ஏன் இத்தனை என்று நான் கேட்பதற்கெல்லாம் அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். கடைசியில், 'இன்னும் ஏதாவது கேக்கணுமாம்மா?' என்பார்.

இரண்டு நாள் ரசம் ஓர் ஆளைக் கொல்லுமா என்று கேட்க வாயெடுப்பேன். 'இல்லை டாக்டர்' என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.