ஓடுவதற்கு வைத்த பேட்டரி

போன திங்கட்கிழமை காலை நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு வராந்தாவில் ஒரு கட்சிக்காரருக்காகக் காத்து நின்றேன். சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்யும் செல்லப்பன் அந்த வழியாகப் போனவர், என்னைக் கண்டதும் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். "கேட்டியா வக்கீலே, அந்த பேட்டரித் தங்கையன் செத்தானாம். பாறசாலையில இருந்து பஸ்சுல வந்த ஆளு சொன்னான்" என்றார். சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வெளியே காறித் துப்பினார். "எனக்க தம்பியக் கொன்னுபோட்டு இவ்வளவு காலம் சுகமா இருந்தான் பாத்தியா?" வாயாலேயே பிழைப்பவன் நான். ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினேன்.

தங்கையன் அண்ணனைத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். லாரிக்கும் ஜீப்புக்கும் பேட்டரி சார்ஜ் போட அவர் கடைக்குப் போயிருப்பீர்கள். வலது முழங்கை மடங்காமல் இடது கையாலேயே ஆசிட் ஊற்றுகிற மனிதரைப் பார்த்திருப்பீர்கள். அவர் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தவன், எல்லைப் போராட்டத்தில் வண்டியை ஓடாமல் கெடுத்து வைத்து ஓர் உயிரைக் கொன்றவன். அந்தப் பேர் அவர் குழிமேல் நிற்கக் கூடாது, ஏழாம் நாள் செபத்துக்கு முன்னால் அழிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதற்கு முப்பத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்ட வெட்கங்கெட்டவன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் செங்கல் என்ற ஊர்க்காரர். திரேசம்மாள் அக்காள் பொழியூர் கடற்கரையில் வள்ளக்காரர் வீட்டுப் பெண். இருவரும் கல்யாணம் செய்துகொண்ட அன்று தங்கையன் அண்ணனின் கூடப்பிறந்தவர்கள் வெட்டுக்கத்தியோடு வந்தார்கள். அக்காளின் மாமன்மார் துடுப்போடு வந்தார்கள். இரண்டு வீட்டிலும் காலெடுத்து வைக்க முடியாது என்று ஆனதும், யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ஒரு பட்டாள ஆம்புலன்ஸ் வண்டியை அண்ணன் வாங்கினார். உள்ளே பலகைக் கட்டில், ஒரு அடுப்பு, ஒரு பல்பு. வண்டிதான் வீடு. "வாடகைக்கு வீடு கேட்டா ஜாதி கேக்கானுவ. இதுக்கு அது வேண்டாம்" என்பார்.

அந்த வண்டியில் அவர் செய்த பெரிய காரியம், பேட்டரியை இரண்டாகப் பிரித்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் இஞ்சினுக்கு ஒரு பேட்டரி. கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டிக்குள் தனியாக இன்னொரு செட்டு. வீட்டு பல்பும், அவர் வாடகைக்கு விட்ட மைக் செட்டும், கூரையில் கட்டியிருந்த இரண்டு கோளாம்பி ஒலிபெருக்கிகளும் இந்தச் செட்டில் ஓடும். வண்டி ஓடும்போது இரண்டுக்கும் சேர்ந்து சார்ஜ் ஏறும். நின்றதும் நடுவில் உள்ள சுவிட்சைத் தூக்கி இரண்டையும் பிரித்துவிட்டு, அதன் கைப்பிடியைக் கழற்றி மடியில் செருகிக்கொள்வார். மைக்கைப் பிடிக்கிற ஒவ்வொருவனிடமும் அதே பாட்டுதான். "பேசதுக்கு உள்ளது வேற, ஓடதுக்கு உள்ளது வேற. ரெண்டையும் கூட்டிக் கெட்டப்பிடாது. காலியானது நெறஞ்சதக் குடிச்சிப்போடும்." என்னிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொல்வார். "ஒண்ணர மணிக்கூருக்கு மேல எனக்க பேட்டரி தாங்காது மக்கா. ஒனக்க வாய்க்கு லாரி பேட்டரியாக்கும் வேணும்."

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று சந்தை சந்தையாகப் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் எங்கள் கூட்டத்துக்கும் வண்டியைக் கொண்டு வருவார்; சேரக் கூடாது என்கிறவர்களின் கூட்டத்துக்கும் கொண்டு போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உமக்கு ரோஷமே கிடையாதா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டேன். "வீட்டுல தமிழ் பேசியேன், சந்தையில மலையாளம் பேசியேன். ரெண்டுலயும் பசிக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடிக்கப் போனார்.

அதற்கான கூலியும் கிடைத்தது. நெய்யாற்றின்கரையில் சேரக் கூடாது என்கிறவர்கள் எறிந்த கல்லில் முன்கண்ணாடி சிதறி, அக்காளின் நெற்றியில் நாலு தையல் விழுந்தது. அடுத்த வாரம் பாறசாலையில் எங்கள் பையன்கள் எறிந்தார்கள். அண்ணனின் காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் பக்கத்திலேயே நின்றேன், தடுக்கவில்லை. அவர் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு பெரிய கல்லாகப் பொறுக்கி வைத்துக்கொண்டார். மேட்டில் வண்டியை நிறுத்தும்போது அவற்றைப் பின் டயர்களுக்கு முட்டுக் கொடுப்பார். "இது அவனுகளுக்க கல்லு, இது உங்களுக்க கல்லு. ரெண்டும் நல்லா நிக்கும்."

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்தை மைதானம். கூட்டம் போடத் தடை இருந்தது, நாங்கள் போட்டோம். கிழக்கு மூலையில் காலையிலிருந்தே போலீஸ் லாரி நின்றது. மத்தியானம் மூன்று மணிவாக்கில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். கோளாம்பியில் என் குரல் கம்மத் தொடங்கியது. "நிறுத்துடே, பல்பு மஞ்சளாயாச்சு" என்று அண்ணன் கீழே நின்று கையைக் காட்டினார். பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

எனக்கோ பேச்சு இனிமேல்தான் சூடுபிடிக்கப் போகிறது என்ற நினைப்பு. கூட்டத்தைக் கோஷம் போட வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினேன். அக்காள் கட்டிலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஆணியில் இரண்டு முனையிலும் கவ்வி வைத்த ஒரு முழக் கம்பி தொங்கியது. "அண்ணன் சொல்லீட்டாரா?" என்று அக்காள் கேட்டார். "சொல்லியாச்சு அக்கா" என்றேன். கண் இமைக்காமல் பொய் சொன்னேன். இஞ்சின் பேட்டரியில் ஒரு கவ்வி, வீட்டுப் பேட்டரியில் ஒரு கவ்வி. பொறி பறந்தது. கோளாம்பி உறுமியது. என் குரல் எனக்கே இனித்தது. இன்னும் முக்கால் மணி நேரம் பேசினேன். உயிரைக் கொடுப்போம் என்று பேசினேன். யாருடைய உயிர் என்று சொல்லவில்லை.

விசில் ஊதியது மட்டும்தான் கேட்டது. பிறகு லத்திகள். ஓடுகிறவர்கள் விழுந்தவர்கள் மேல் மிதித்து ஓடினார்கள். கருவாட்டுக்காரக் கிழவி ஒருத்தியின் கூடையை ஒருவன் பூட்ஸ் காலால் எத்தினான், அடுத்த அடி அவள் இடுப்பில் விழுந்தது. செல்லப்பனின் தம்பி மணி கொடிக்கம்பை விடாமல் நின்றான். மூன்று பேர் அவனைச் சுற்றி நின்று மண்டையிலேயே அடித்தார்கள். அவன் விழுந்த பிறகும் அடித்தார்கள். செல்லப்பன் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வண்டிக்குள் கிடத்தினார். ரத்தம் கட்டிலிலிருந்து பேட்டரிப் பெட்டி மேல் சொட்டியது. இன்னும் எட்டுப் பத்துப் பேர் உள்ளே விழுந்தார்கள். அண்ணன் தண்ணீர்த் தகரத்தை எறிந்துவிட்டு ஓடி வந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

வண்டி முனகக்கூட இல்லை.

அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கம்பியை உருவி மடியில் செருகிக்கொண்டு, இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் போனார். லத்திக்காரர்கள் நடுவில் நின்று குனிந்து ஹேண்டிலைச் சுற்றினார். முதுகில் விழுந்தது, சுற்றினார். பிடரியில் விழுந்தது, சுற்றினார். வலது முழங்கையில் விழுந்த அடி எனக்கு உள்ளே கேட்டது, விறகு முறிகிற சத்தம். கை தொங்கியது. இடது கையால் சுற்றினார். இத்தனையும் நடக்கும்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். கட்டிலுக்கு அடியில், பேட்டரிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் இஞ்சின் பிடித்தது. ஒற்றைக் கையால் ஓட்டினார். நெய்யாற்றின்கரை ஆசுபத்திரி வாசலுக்குப் போகும் முன்பே மணியின் மூச்சு நின்றுவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். செல்லப்பன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மணியின் அடக்கம் முடிந்து நாலாம் நாள், பட்டப்பகலில், செங்கல் ரோட்டில் நின்ற வண்டியிடம் பன்னிரண்டு பேர் போனோம். ஆமாம், போனோம். இரண்டு கட்சிக்கும் ஓடுகிறவன் வேண்டுமென்றே பேட்டரியைக் கெடுத்து வைத்தான் என்பது செல்லப்பனின் முடிவு. யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியவன் ஒருவன் இருந்தான், அவனும் மறுக்கவில்லை. கையில் கட்டுப் போட்டிருந்த மனிதரை மண்ணில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். எல்லோரும் அடிக்கும்போது ஒருவன் மட்டும் சும்மா நின்றால் கண்ணில் படும். அந்தப் பயத்தில் நானும் அடித்தேன். செருப்பைக் கழற்றி அவர் கன்னத்தில் அடித்தேன்.

திரேசம்மாள் அக்காள் என்னை நோக்கிக் கையை நீட்டி, "எலே, இவனாக்கும்..." என்று வாயெடுத்தார். அண்ணன் கீழே கிடந்தபடியே, "மிண்டாத பிள்ளே" என்று அவரை அடக்கினார். வாயில் ரத்தம் இருந்ததால் சொல் குழறியது. ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். கட்டில், அடுப்பு, அக்காளின் துணிமணி, ஜெபமாலை எல்லாம் எரிந்தது. பேட்டரிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. அக்காள் நடு ரோட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். வீடு எரிகிறதை அதுவரை நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்து ஆசுபத்திரிக்குப் போனேன். அவர் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் கம்பியை எடுத்து நீட்டினார். "இது ஒனக்குள்ளதாக்கும்."

"ஏன் அண்ணே சொல்லல்லே?" என்று கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன். அழுவதற்கும் எனக்கு வாய் வேண்டும்.

"சொன்னா அந்த அடி மொத்தமும் ஒனக்கு விழும். நீ தாங்க மாட்டே. ஒனக்கு வாயி மட்டுமே உண்டு" என்று சிரித்தார். உதடு கிழிந்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது. "அந்தப் பயலுக்கு ஒரு தம்பி போச்சு. இனி ஒரு கொலையும் செய்யணுமா? ஒனக்குச் சொல்லணும்ணு தோணும்போ நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." அவர் சொல்லவில்லை.

எல்லை வகுத்தார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டோடு போனது, நாங்கள் மலையாளப் பக்கத்திலேயே நின்றோம். நான் சட்டம் படித்து, மலையாளத்தில் வாதாடி, மற்றவர்களின் குற்றத்துக்கெல்லாம் நியாயம் பேசிப் பிழைத்தேன். அண்ணன் பாறசாலையில் ஒரு தகரக் கொட்டகையில் பேட்டரிக் கடை போட்டார். நான் அந்த வழியாகப் போனால், "வக்கீலே, சாயா குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிடுவார். நான் குடிப்பேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு சாயாவையும் குடித்து முடித்தேன். கடைப்பக்கம் போகிறவர்கள் காறித் துப்பினால் அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காள் தலைமாட்டில் இருந்தார். நெற்றியில் அந்த நாலு தையலின் வடு இன்னும் உண்டு. என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கிழம ஏழாம் நாள் செபத்துக்கு ஆளு கூடும்ணு சொல்லியானுவ. நீ பேசணும். மைக் வேண்டாம்" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

முதலில் சொல்ல வேண்டியது செல்லப்பனிடம். மறுநாள் காலை கம்பியை எடுத்துக்கொண்டு அவருடைய குலைக் கடைக்குப் போனேன். எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சு ஒன்றும் உதவவில்லை. "அன்னைக்கு ரெண்டு பேட்டரியயும் கூட்டிக் கெட்டினது நானாக்கும். தங்கையன் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். கம்பியை மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்தார். குலை சுமந்து காய்த்த கை. நான் வாழைக்குலைகள் மேல் போய் விழுந்தேன். ஒரு பல் போய்விட்டது.

அடுத்த அடிக்குக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, "அவனுக்க கை பிறகு மடங்கவே இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அன்னைக்கு அந்தக் கையிலயும் நான் சவுட்டி மிதிச்சேன்டே" என்று சொல்லி, கடையில் ஆட்கள் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதார். நான் எழுந்து புறப்பட்டபோது, "ஞாயித்துக்கிழம நானும் வாறேன். ஒனக்க பக்கத்துல இருக்க மாட்டேன்" என்றார்.

கம்பியை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் தங்கையன் அண்ணனுடையது என்று என்னிடம் இப்போது இருப்பது இந்தக் கன்னத்து வீக்கம் ஒன்றுதான். அன்று செங்கல் ரோட்டில் அவர் மேல் விழுந்த அத்தனை அடியும் எனக்கு உரியது. அதில் ஒரே ஒரு அடி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் கறுத்திருக்கிறது, சோறு மெல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் வந்து பார்க்கிறவரை அது வற்றாமல் இருக்க வேண்டும்.