சலவுலா என்றொரு சொல்

1995ஆம் ஆண்டு பெப்ரவரி 11, சனிக்கிழமை. பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது பாகைக் குளிர். வெயில் கண்ணைக் கூசவைத்தது, ஆனால் அதில் சூடு இல்லை. கனடாவின் ஸ்காபரோ நகரில் பேருந்தை விட்டிறங்கிய தில்லையம்பலம், முதியோர் சங்கம் கூடும் நிலக்கீழ் மண்டபத்தை நோக்கி நடந்தார். அறுபத்து மூன்று வயது. மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் கிருபன் தொலைவில் விட்பி என்ற ஊரில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மாதம் ஒருமுறை நடக்கும் இந்தக் கூட்டத்தில்தான் மனிதர் அவரோடு பேசினர். மற்ற நாள்களில் தொலைக்காட்சி பேசியது.

சாம்பியாவில் ஒரு துணி ஆலையில் பதினான்கு ஆண்டுகள் தறி திருத்தியவர் என்பதால், சங்கத்தில் அவருக்குச் 'சாம்பியா அண்ணை' என்று பெயர்.

அன்று செயலாளர் அமிர்தநாதர், ஆபிரிக்காவுக்குப் பழைய உடுப்பு நூறு பெட்டி அனுப்பும் திட்டத்தை வாசித்தார்.

"பெட்டியோடை போற கடிதத்திலை சாம்பியா அண்ணைதான் கையெழுத்து வைக்கவேணும். அந்தச் சனத்தின்ரை பாசை தெரிஞ்ச ஆள்."

"ஒரு சொல்லுச் சொல்லட்டோ?" என்றார் தில்லையம்பலம். "சலவுலா."

"என்ன கறியண்ணை அது?" என்று சீமோன் கேட்க, மண்டபம் சிரித்தது.

"குவியலைக் கிளறிப் பொறுக்கிறது. வெளிநாட்டிலையிருந்து வாற பழைய உடுப்புக்கு அங்கை அதுதான் பேர். நூல் விலைக்கும் குறைச்சலாய் அது சந்தையிலை கிடக்க, எங்கடை துணியை ஆர் வாங்குவினம்? ஆலையைப் பூட்டிப்போட்டாங்கள். என்னோடை வேலை செய்த ம்வான்சாவும் எட்டுப் பேரும் ஆறு தறியைத் திருத்தி, இப்ப படுக்கைவிரிப்பு நெய்யினமாம். அவைக்கு உடுப்பு வேண்டாம், வாங்கிற ஆள்தான் வேணும்."

அமிர்தநாதரின் முகம் கறுத்தது. "நாங்கள் இஞ்சை வந்திறங்கேக்கை தேவாலயத்திலை பழைய கோட்டு வாங்கிப் போட்டனாங்கள்தானே? நீங்கள் போட்டிருக்கிறதும் அதுதானே அண்ணை?"

தில்லையம்பலம் நைந்துபோன தம் கைவிளிம்பைப் பார்த்தார்.

"ஓம், அதுதான். முதல் குளிருக்குக் கோட்டு வாங்கினன். அடுத்த குளிருக்கு வேலை கேட்டனான்."

எவரும் சிரிக்கவில்லை. தேநீர் வந்தபோது அவருக்குப் பக்கத்து நாற்காலி வெறுமையாகவே இருந்தது. வழக்கமாக அவரைக் காரில் ஏற்றிச்சென்று வீட்டில் விடும் இராஜரட்ணம், அவசர வேலையென்று சொல்லி முந்திக்கொண்டு புறப்பட்டார். தில்லையம்பலம் பேருந்துக்காக நாற்பது நிமிடம் நின்றார்.

அதன்பின் மூன்று கிழமைகள் தொலைபேசி ஒலிக்கவில்லை. அது பழுதாகிவிட்டதோ என்று இரண்டுமுறை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். நான்காம் கிழமை ஒலித்தது. துணைச் செயலாளர் குணவதி பேசினாள்.

"அண்ணை, பெட்டியெல்லாம் கட்டியாச்சு. உங்கடை கையெழுத்துத்தான் குறை. வைச்சியளெண்டால் சனிக்கிழமை கூட்டத்துக்கு இராஜரட்ணம் அண்ணை வந்து உங்களைக் காரிலை ஏத்துவார்."

"விரிப்பு வாங்கிறதைப் பற்றி ஏதும் கதைச்சவையோ பிள்ளை?"

"அதை ஒருத்தரும் எடுக்கேல்லை."

அவர் கட்டிலைப் பார்த்தார். அந்த ஆலையில் நெய்த விரிப்பு அதில் கிடந்தது; பதினைந்து ஆண்டுகள் தோய்த்தும் அதன் கரை பிரியவில்லை. ஒருவர் படுக்கும் பாதியில் மட்டும் நிறம் மங்கியிருந்தது.

"அப்ப இதுக்காகக் கூட்டத்துக்கும் இனி வரமாட்டியளோ அண்ணை?"

"கூப்பிட்டால் வருவன் பிள்ளை. கையெழுத்து வைக்கமாட்டன்."