ஏழாம் நம்பர் வண்டியும் வசந்தா மேடமும்

மைதானத்தில் வண்டிச் சக்கரங்களுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது சுந்தரம் சாரிடமிருந்து போன் வந்தது. வசந்தா மேடத்தின் கணவர். "வசந்தா போயிட்டா, ரவி. விடியக்காலம், தூக்கத்துலயே. நீங்க பதறியடிச்சு வர வேண்டாம். நான் நல்லா இருக்கேன்" என்றார். பால்காரர் வரவில்லை என்று சொல்கிற அதே குரல். காற்றுக் குழாயைக் கீழே போட்டேன். சாருடைய அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏ.எஸ்.ராவ் நகர் தமிழ்க் குடும்பங்களில் மேடத்தைத் தெரியாதவர் குறைவு. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு இன்ஜினீயராக இருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கியவர் என்ற அளவில் உங்களுக்கெல்லாம் தெரியும். ஓய்வுக்குப் பிறகு ஊருக்கு வெளியே நான் நடத்தும் ஏ.டி.வி மைதானத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பருத்த சக்கரம் வைத்த நாலு சக்கர பைக்குகளில் பிள்ளைகள் மண்ணில் சுற்றும் இடத்தில், தலை நரைத்த அம்மாளுக்கு என்ன வேலை? மேடம் போன பிறகு, உட்கார்ந்து எழுதக்கூட எனக்குத் தெம்பில்லாத நாட்கள் இவை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அவர் முதலில் வந்தது வாடிக்கையாளராக. பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியில் சின்னப் பெண் ஒருத்தியை உட்கார வைத்திருந்தோம். அவள் ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. வண்டி தானாக நகர்ந்து வேலியைப் பார்த்துப் போனது. நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். மேடம் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். பிறகு இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். "இது வண்டியா, கன்னுக்குட்டியா? அவுத்து விட்டா போயிக்கிட்டே இருக்கு!"

காரணத்தையும் அவரே சொன்னார். நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடுவதை ஐடிலிங் என்பார்கள். அது சரியில்லாமல் வண்டி அணைந்து அணைந்து போனால், எங்கள் ஊர் மெக்கானிக்குகள் செய்வது ஒரே வைத்தியம்தான். கார்ப்பரேட்டரில் உள்ள ஐடிலிங் திருகாணியை ஒரு திருகு திருகி வேகத்தை ஏற்றிவிடுவார்கள். சாதாரண பைக்குக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லாத இந்த வண்டிகளோ, வேகம் ஏறினால் தாமாகவே நகரத் தொடங்கிவிடும். அடுத்த வாரமே, வீட்டில் பொழுது போகவில்லை என்று சொல்லிக்கொண்டு மேடம் வேலைக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் போட்ட முதல் சட்டம்: "திருகாணியத் தொட்ட கைய ஒடிச்சிருவேன். அது கடைசி. மொதல்ல வண்டிக்கு என்ன நோவுன்னு பாக்கணும்."

ஏர் ஃபில்டரில் புழுதி, வாரக்கணக்கில் தேங்கிய பெட்ரோல், கார்ப்பரேட்டருக்குள் அடைத்துக்கொண்ட ஜெட் துளை, வெடித்த ரப்பர் குழாய் என்று வரிசையாகப் பார்ப்பார். எல்லாம் பார்த்துத் துடைத்து மாட்டிய பிறகுதான் திருகாணி. எனக்குப் பொறுமை கிடையாது. இதே ஊரில் மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்தவன், சீக்கிரம் முடிந்தால் சரி என்கிற ஆள். "நக்கோ மேடம், ஞாயித்துக்கிழமை கஸ்டமர் வாசல்ல நிக்கறாங்க, இத்தனையும் எதுக்கு?" என்பேன். திருநெல்வேலிக்காரரான அவர் என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட ஒரே சொல், எங்கள் ஊர் உருதுவில் வேண்டாம் என்று பொருள்படும் அந்த நக்கோதான். அதை என் மேலேயே திருப்பி எறிவார். "இந்த வண்டி இன்னைக்கு வெளிய போகாது. நக்கோன்னா நக்கோ."

ஏழாம் நம்பர் வண்டி எங்கள் இருவர் உயிரையும் வாங்கியது. மற்றவற்றோடு சேராத வேறு தயாரிப்பு, பழையதாக வாங்கியது. ஒரு தசராவுக்குப் பிறகு அதற்குப் புதுப் பழக்கம் வந்தது. நன்றாகக் கிளம்பும், கொஞ்ச நேரம் ஒழுங்காக நின்று ஓடும், பிறகு இழுத்து இழுத்து அணைந்துவிடும். அணைந்ததும் நாங்கள் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்போம். இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் சமர்த்தாகக் கிளம்பிவிடும். கார்ப்பரேட்டரை மறுபடி மறுபடி கழற்றினோம். பிளக் மாற்றினோம். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் குடும்ப விழாவுக்கு எல்லா வண்டியும் வேண்டும் என்று கேட்டபோதும் மேடம் ஏழாம் நம்பரைத் தரவில்லை. எனக்குக் கோபம். அவருக்கும் கோபம். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை வந்தவர், வண்டியைக் கிளப்பிவிட்டு அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் இழுக்க ஆரம்பித்ததும் பழக்கத்தில் என் கை மூடிக்குப் போனது. "சும்மா இருங்க ரவி. எதையும் தொடாதீங்க. அது பாட்டுக்கு அணையட்டும், என்ன செய்யுதுன்னு பாப்போம்." கண்ணாடி போன்ற பெட்ரோல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் மெல்ல மெல்லக் காலியானது. வண்டி அணைந்தது. பிறகு அவரே மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது.

டேங்குக்குள் காற்றுப் போக, மற்ற வண்டிகளில் இல்லாதபடி இதற்கு மட்டும் மூடியின் நடுவிலேயே ஊசித் துளை ஒன்று உண்டு. காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. துளை முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாகியிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு! நாங்கள் பெட்ரோல் பார்க்கிறோம் என்று திறந்த ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போய், நோவு எங்கள் கண்ணெதிரே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்தவர் மேடமேதான். "பாவி மக்கா, சாமி கும்பிட்டு நானே மூக்க அடைச்சிருக்கேனே!" என்று மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. என்ன மேடம் என்றேன். "ஒண்ணுமில்ல, களைப்பு."

அதற்குப் பிறகு அந்தச் சொல் அடிக்கடி வந்தது. என்ன மேடம், முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கிண்டல் செய்வார். தேறிவிட்டார் என்று நானும் என் வேலையைப் பார்க்கப் போவேன். இருதயம் பலவீனமாகிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் அவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். மேடம் போன பிறகுதான் அது சுந்தரம் சாருக்கே தெரிந்தது. அவரும் தினம் கேட்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் மேடம் நன்றாக இருந்திருக்கிறார். எனக்கு மேடத்தின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. வண்டிக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா?

இப்போது சுந்தரம் சார் அதே வழியில் போகிறார். எனக்கு இப்போதிருக்கும் கவலை அது ஒன்றுதான். மைதானத்தை மூடிவிட்டுச் சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறந்ததும் "நல்லா இருக்கேன், வாங்க" என்பார். வெளிநாட்டிலிருந்து மகள் கூப்பிட்டாலும் அதே பதில். சாப்பிட்டீர்களா என்றால் ஆச்சு என்பார். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த குழம்பெல்லாம் பிரிட்ஜில் கை படாமல் இருக்கும். சட்டை தோளில் தொங்குகிறது. டாக்டரிடம் போகலாமா என்று நான் கேட்கக் கேட்க அவர் இன்னும் உற்சாகமாகப் பேசினார். மகளிடம் சொல்லவா என்றதற்கு முகம் கோணாமல் சிரித்தார்.

மேடத்தின் கெட்டிக்காரத்தனம் எனக்கு வராது. கார்ப்பரேட்டரைக் கழற்றினால் இன்னமும் ஒரு வாஷரைத் தொலைத்துவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: மூடியைத் திறந்து பார்ப்பதுபோலக் கேள்வி கேட்டுக் கிளப்பிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. போன வாரம் ஒருநாள் சார் வீட்டுக்குப் போய் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தேன். சார் வானிலை பேசினார், பேருந்துக் கூட்டம் பேசினார், கிரிக்கெட் பேசினார். நான் உம் கொட்டினேன். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது, அவ்வளவு அலுப்பு. போகவில்லை.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன.

"கை தானா ரெண்டு தட்ட எடுத்துருது, ரவி" என்றார். "அப்புறம் ஒண்ண உள்ள வைக்க மனசு வர மாட்டேங்கு. அதப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை. குழம்பைச் சூடு பண்ணினேன். மேடத்தின் தட்டை என் பக்கம் இழுத்து அதில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் உட்கார்ந்தார்.

பாதிதான் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டார்.