பேச்சுக்கு விடுமுறை

காபியில் சர்க்கரை வேண்டாம் என்று அவள் எழுதி முடிப்பதற்குள் அக்கா சொல்லிவிடுகிறாள்: “ரெண்டு ஸ்பூன் போடுங்க தம்பி. பாப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும்.” பாப்பாவுக்கு வயது நாற்பத்து நான்கு. எழுதிய தாளைக் கிழித்து மடித்துத் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு, கடலைப் பார்த்தபடி அந்த இனிப்பைக் குடித்து முடிக்கிறாள்.

தனியாக வந்த பெண் என்பதால் ஹோட்டல்காரர்கள் என்னையும் அவர்கள் மேசையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம். ஆளுயர ஜன்னல்களில் வெள்ளைத் திரைகள் உப்பி உப்பி அடங்குகின்றன. வெளியே இரும்பு விளக்குக் கம்பங்கள் நிற்கும் கடலோரச் சாலை. அதையொட்டி வெளிர்மஞ்சள் மாளிகைகள் வளைந்து போய், தூரத்துப் பனிமூட்டத்தில் எங்கோ கரைந்துவிடுகின்றன. பகலிலும் ஊர் அரைத்தூக்கத்தில் இருக்கிறது.

மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுப்பது தங்கையின் வேலை. பதினாலு வருஷம். போன மாதம் ஒரு காலையில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. தொண்டைக்குள் வீக்கம் என்றார் டாக்டர். பத்து நாள் ஒரு சொல் பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. அப்படியும் குரல் திரும்பாவிட்டால் கத்தி வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் உறுதி இல்லை. அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கும் அறையை இப்போதே காட்டிவிட்டார்களாம். வீட்டில் இருந்தால் பேசாமல் இருக்க மாட்டாள் என்று அக்காதான் இங்கே இழுத்து வந்திருக்கிறாள். “வாயில்லாப் புள்ளையத் தனியா அனுப்ப முடியுமா, சொல்லுங்க?”

தங்கைக்கும் சேர்த்து அக்காவே பேசுகிறாள். அறையில் குளிர் என்கிறாள், தலையணை உயரம் என்கிறாள், பாப்பாவுக்குப் படகு பிடிக்காது என்கிறாள். தங்கையோ கழுத்தில் சுற்றிய நீலத் துண்டுக்குள் முகவாயைப் புதைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். ‘ம்’ என்பதைக்கூட எழுதித்தான் காட்டுவாள். வரவேற்பறையில் தொலைபேசி அடித்தால் மட்டும் வலது கை தானாக எழுந்து காதுவரை போய், வெட்கப்பட்டு மடிக்குத் திரும்பும்.

மூன்றாம் நாள் மதியம் அக்கா உறங்கிய நேரத்தில், வராந்தாவில் என் பக்கம் நோட்டைத் தள்ளினாள்.

“யார் வீட்டுல இருட்டுனாலும் நான்தான் மன்னிப்பு கேட்டேன். எல்லாரும் திட்டுவாங்க. அப்புறம் கரண்ட் வந்துரும். வந்துருச்சுன்னு யாரும் போன் பண்ணிச் சொன்னதில்ல.”

படித்துவிட்டு நிமிர்ந்தேன். கடல் வெயிலில் பளபளத்துக் கிடந்தது. அவள் இன்னொரு பக்கத்தைப் புரட்டி மெதுவாக எழுதினாள்.

“குரல் வராமப் போயிட்டா என்ன பண்ணுவேன்னு பயமா இருக்கு.” பேனா சற்று நின்றது. “வந்துட்டாலும் பயமாத்தான் இருக்கு.”

நானும் அவள் பேனாவை வாங்கி, “ம்” என்று எழுதினேன். அவள் தோள்கள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தாள்.

அதன் பிறகு மாலைகளில் நாங்கள் இருவரும் கடற்சுவரின் படிகளில் இறங்கி ஈரமணலில் நடப்பது வழக்கமாயிற்று. அக்காவுக்கு முழங்கால் வலி. மேலே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் பாப்பாவின் தொண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எட்டாம் நாள். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் ரோஜா நிறத்தில் கலந்து, அடிவானம் எங்கே என்று தெரியாத சாயங்காலம். நான் செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். அவள் எதையோ யோசித்தபடி அலையின் ஓரத்தில் போய்க்கொண்டிருந்தாள். எதிர்பாராமல் ஓர் அலை முழங்கால்வரை ஏறி, திரும்பும்போது அவளுடைய இடது செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்று.

“ஐயோ, என் செருப்பு!”

வெண்கலத்தைத் தட்டினாற்போல் ஒரு குரல். எட்டு நாளில் நான் முதன்முறையாகக் கேட்கிறேன். அவளும் கேட்டாள். கை தொண்டைக்குப் போயிற்று. கண்கள் நிறைந்து, அப்படியே நின்றாள். செருப்பு மிதந்து மிதந்து ரோஜா நிறத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பிடிக்க முயலவில்லை.

மேலேயிருந்து அக்கா எழுந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கூப்பிட்டாள். “பாப்பா! யாரு கத்துனது? உன் குரல் மாதிரியே கேட்டுச்சே!”

அவள் அக்காவைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

“நான்தாங்க” என்றேன். “செருப்பு போயிருச்சு.”

“அலைகிட்ட ஏங்க போட்டுட்டுப் போறீங்க? பாப்பா, ஈரத்துல நிக்காத, மேல வா. இன்னும் ரெண்டு நாள் பத்திரமா இருக்கணும்.”

அவள் நீலத் துண்டைக் கழுத்தில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். குனிந்து மீதமிருந்த வலது செருப்பைக் கழற்றி, மணலைத் தட்டி, என் கையில் கொடுத்தாள்.