ரசீதம்மாவின் சில்லறைப் பை

என் பெரியம்மா யாரையும் லேசில் நம்பமாட்டார். பணம் வாங்கும் வேலைதான் அவரை அப்படி ஆக்கிவிட்டது என்பார் பெரியப்பா. பிறவியிலேயே அப்படி, அதனால்தான் அந்த வேலை அவரைத் தேடி வந்தது என்பாள் என் அம்மா. பள்ளி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நான் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தபோது நடந்ததை இங்கே எழுதுகிறேன். பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி பெரியம்மாவே சாப்பாட்டு மேசையில் சொன்னது.

பல்கலைக்கழகத்தில் தண்ணீர்ப் பரிசோதனைத் துறை என்று ஒன்று இருக்கிறது. கிணறு வெட்டியவர்கள், வீடு கட்டுபவர்கள், ஓட்டல் நடத்துபவர்கள் எல்லோரும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அங்கே வருவார்கள். கட்டணம் கட்டினால்தான் பாட்டில் ஆய்வுக்கூடத்துக்குள் போகும். அந்தக் கட்டணத்தை வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் பெரியம்மா உட்கார்ந்திருப்பார். நோட்டைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். செக் என்றால் கைக்கு வந்த நொடியே அதன் பின்னால் துறையின் முத்திரையைக் குத்திவிடுவார். ரசீது வேண்டாம் என்று கிளம்புகிறவர்களை வாசல்வரை துரத்திப் போய்க் கையில் திணித்துவிட்டு வருவார். அதனால் துறையில் அவருக்கு ரசீதம்மா என்று பெயர். கொஞ்சம் கூடப் போட்டுத் தருகிறேன், நல்ல தண்ணீர் என்றே எழுதிக் கொடுங்கள் என்று ஓட்டல்காரர் ஒருவர் குழைந்தாராம். "கூடப் போடறதுக்கும் ரசீது தருவேன், பரவாயில்லையா?" என்று பெரியம்மா கேட்க, அவர் பாட்டிலை விட்டுவிட்டே போய்விட்டாராம்.

வீட்டிலும் இதே கதைதான். பெரியப்பா சோப்பு வாங்கி வந்தால் பில்லும் வர வேண்டும். அம்மா கைமாற்று வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தால், எதிரில் நிற்கவைத்து எண்ணுவார். கூடப்பிறந்தவளிடமே இப்படியா என்று அம்மா முகம் சுளித்தால், கூடப்பிறந்தவள் என்பதால்தான் ஒரே தடவை எண்ணினேன் என்பார்.

துறையில் வசூலாகும் பணம் அன்றே காசாளர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். இரவு துறையில் தங்கக் கூடாது. அந்த அலுவலகம் விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம், பெரிய கட்டடத்தில் இருக்கிறது. மாலையில் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு பேருமாக எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். துறையிலேயே தங்கும் பணம் ஒன்றே ஒன்றுதான், சில்லறைப் பை. வருகிறவர்களுக்கு மீதி கொடுப்பதற்காகக் காசாளர் அலுவலகம் எப்போதோ கொடுத்து வைத்த பணம் அது. வசூலில் சேராது. காலையில் பீரோவிலிருந்து இழுப்பறைக்கு வரும். மாலையில் இழுப்பறையிலிருந்து பீரோவுக்குப் போகும். பீரோ சாவி பெரியம்மாவின் கழுத்துக் கயிற்றில் தொங்கும்.

எண்ண வேண்டிய இரண்டாவது ஆள் துறையின் அட்டெண்டர். எல்லோரும் அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்; அவரும் திரும்பிப் பார்ப்பார். நாற்பது வயதிருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். பல வருடங்களாகத் தற்காலிக வேலை. இந்த வருடம்தான் நிரந்தரமாக்கச் சொல்லி அவருடைய பேப்பர் மேலே போயிருந்தது.

விதிப்படி இரண்டு பேர் எண்ண வேண்டும் என்றேன் அல்லவா? பெரியம்மா அதில் ஒரு திருத்தம் வைத்திருந்தார். பணம் எண்ணும்போது நெட்டை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். இழுப்பறையில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரிவதே ஆபத்து என்பது அவருடைய எண்ணம். எண்ணி முடித்ததும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். யாராவது மேலே இருந்து வந்து என்ன எண்ணினாய் என்று கேட்டால், சுவரில் இருக்கிற விரிசலைத்தான் சொல்வேன் என்று நெட்டை சிரிப்பாராம். பெரியம்மா சிரிக்கமாட்டார்.

அக்காவுக்கு, அதாவது பெரியம்மாவின் மகளுக்கு, எதிர்பார்த்ததற்கு முன்பே வலி எடுத்தது. பெரியம்மா ஒரு நாள் லீவு போட்டார். அவர் இடத்தில் புதிதாக வந்த டைப்பிஸ்ட் பெண்ணை உட்காரவைத்தார்கள். பீரோ சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுக்கப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை. சில்லறைப் பையை மட்டும் இழுப்பறையில் வைத்து, இழுப்பறைச் சாவியை அவளிடம் நீட்டி, ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். "சாயங்காலம் டிராயர்ல ஒரு காசுகூடத் தங்கக் கூடாது. தங்குச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெரியம்மா பேரனைப் பார்த்துவிட்டு மறுநாளே வேலைக்கு ஓடினார். இழுப்பறையைத் திறந்தால் சில்லறைப் பை நான்காக மடித்து வைத்தபடி காலியாகக் கிடந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது பெரியம்மா தட்டைத் தொடவே இல்லை. திருடுகிறவன் பையை மடித்து வைப்பானா என்று பெரியப்பா கேட்டார். அதுதான் தந்திரம், எடுத்தவன் சாதாரண ஆள் இல்லை என்றார் பெரியம்மா. டைப்பிஸ்டைக் கேட்டாயா என்றதற்கு, நேராகக் கேட்டால் திருடன் உஷாராகிவிடுவான், சுற்றி வளைத்துத்தான் கேட்டேன் என்றார். டிராயரில் ஏதாவது விட்டுவிட்டுப் போனாயா என்று கேட்டாராம். நீங்கள் சொன்னபடி ஒரு காசுகூட விடவில்லை என்று அந்தப் பெண் பயந்துகொண்டே சொன்னதாம். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று பெரியம்மா அவளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். மிச்சம் இருந்தது நெட்டை.

காசாளர் அலுவலகத்துக்குத் தெரிந்தால், பை உங்கள் பொறுப்பு என்று தன் மேலேயே கை காட்டுவார்கள் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். அதனால் காதும் காதும் வைத்த மாதிரி தன் கைப்பையிலிருந்து பணம் எடுத்துச் சில்லறைப் பையை நிரப்பினார். சொந்தப் பணத்தைத் துறைப் பணத்தோடு கலப்பதும் விதிப்படி தப்புதான். அது அவருடைய தூக்கத்தை இன்னும் கெடுத்தது. பகலில் கண்கொத்திப் பாம்பாக நெட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கப் பார்க்க எல்லாமே தப்பாகத் தெரிந்தது. நெட்டை புது ஷூ போட்டிருந்தார். டீ குடிக்கப் போனால் நேரம் கழித்து வந்தார். முன்பெல்லாம் நடக்கும்போது சீட்டியடிப்பார், இப்போது அடிப்பதில்லை. பிறகு ஒரு நாள் அடித்தார். அதுவும் சந்தேகமாக இருந்தது.

"ஷூ வாங்கினவன் எல்லாம் திருடனா?" என்றார் பெரியப்பா. "நல்லவேளை, எனக்கு இன்னும் அந்தப் பழைய செருப்புதான். அதனாலதான் இந்த வீட்ல தப்பிச்சிட்டு இருக்கேன்."

"நீங்க போன மாசம் வாங்கின பெல்ட்டுக்கு இன்னும் பில் வரல," என்றார் பெரியம்மா.

அந்த வாரம் துறைத்தலைவர் பெரியம்மாவைக் கூப்பிட்டார். நெட்டையின் பேப்பர் தன் மேசைக்கு வந்திருக்கிறது, தினமும் பணத்தோடு நடக்கிற ஆள் என்பதால் உங்கள் வார்த்தை ஒன்று வேண்டும் என்றார். இப்போது எதுவும் சொல்லமுடியாது என்றார் பெரியம்மா. தலைவர் விடவில்லை. கடைசியில் பெரியம்மா விஷயத்தைக் கொட்டிவிட்டார். தலைவர் சற்று யோசித்துவிட்டு, பெரிய தொகை இல்லையே, நானே போட்டுவிடுகிறேன், இதை இத்தோடு விடுங்கள் என்றாராம். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் சம்பந்தமில்லாத மனிதர் எதற்குக் கையிலிருந்து பணம் போட வேண்டும் என்று பெரியம்மா அன்றிலிருந்து தலைவரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

பேப்பர் நின்றுபோனது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த செய்தி துறை முழுக்கப் பரவியது. நெட்டை தங்கள் நாற்காலியைக் கடந்து போனால் பெண்கள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்களாம். இன்னொரு பக்கம், பை ரசீதம்மாவிடம்தானே இருந்தது, அவரே எடுத்துவிட்டுப் பழியை அடுத்தவன் தலையில் போடுகிறாரோ என்றும் பேச்சு. அது பெரியம்மா காதுக்கும் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு மாலை, வழக்கம்போல எண்ணி முடித்துப் பணப்பையோடு இரண்டு பேரும் மைதானத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். நெட்டை பாதி வழியில் நின்றுவிட்டார்.

"மேடம், என் பேப்பரை நீங்கதான் நிறுத்தினீங்களா?"

"நான் எதையும் நிறுத்தல. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்."

"என்ன தெரியும் உங்களுக்கு? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தச் சுவர்தான். நீங்கதான் அப்படி நிக்க வெச்சீங்க. அன்னைக்கு டைப்பிஸ்ட் பொண்ணு எண்ணும்போதும் பழக்க தோஷத்துல சுவரைப் பாத்துட்டுதான் நின்னேன். பையைக் கவுத்து சில்லறை கொட்டற சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்திருந்தா இன்னைக்கு உங்ககிட்ட பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்."

சில்லறைப் பையைக் கவிழ்த்தது டைப்பிஸ்டா? அடுத்த நொடியே அவருடைய சந்தேகம் நெட்டையிலிருந்து தாவி அந்தப் பெண்ணின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போதும்கூட, தான் தப்பு செய்திருக்கலாம் என்று தோன்றவில்லை. அதை அவரே பிறகு சொன்னார்.

காசாளர் அலுவலகத்தில் கம்பி போட்ட ஜன்னல். உள்ளே தலைமைக் காசாளர், மூக்குநுனியில் கண்ணாடி. பெரியம்மா பணத்தைக் கட்டிவிட்டு, போகிறபோக்கில் கேட்பது போல, தான் லீவு போட்ட அன்று துறைப் பணம் சரியாக இருந்ததா என்று கேட்டார். காசாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். பக்கத்து மேசைக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் பணத்தைப் பத்திக் கேக்கமாட்டாங்கம்மா."

"நீங்க ஏன் பேனாவை மூடினீங்க?"

"அது என் பேனா."

இப்படியே போயிருந்தால் அலுவலகம் பூட்டும் நேரம் வந்திருக்கும். பெரியம்மாவின் தலைக்கு மேலே இருந்து நெட்டை குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார். "சார், எங்க சில்லறைப் பைக் காசைக் காணோம். என்மேல சந்தேகப்படறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

காசாளர் கண்ணாடியைக் கழற்றினார். காணாமல் போனதா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அன்று தண்ணீர்த் துறை கட்டிய பணம் ரசீதுகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்ததாம். ரசீது போடாமல் இத்தனை நாள் வசூலித்து மறைத்த பணம், ரசீதம்மா இல்லாத நாளில் வெளியே வந்துவிட்டது என்று காசாளர் அலுவலகத்தில் நினைத்தார்களாம். "அதைத் தேடி யார் வராங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தோம். தெரியாத மாதிரியே இருந்துட்டோம். எங்க சந்தேகமே உங்கமேலதாம்மா."

டைப்பிஸ்ட் பெண், டிராயரில் ஒரு காசுகூடத் தங்கக் கூடாது என்ற எச்சரிக்கைக்குப் பயந்து, சில்லறைப் பையையும் வசூலோடு சேர்த்துக் கவிழ்த்துக் கட்டிவிட்டிருந்தாள். அது என்ன பை என்று பெரியம்மா அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் உனக்கு எதற்கு என்று திட்டு விழும் என்று அவளும் கேட்கவில்லை. பணம் போகவேண்டிய இடத்துக்கே போய், அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் அவர்களும் திறக்கவில்லை.

திரும்பும்போது மைதானத்தில் வெயில் இறங்கிவிட்டது. நெட்டை வழக்கத்தைவிட நீளமாக எட்டு வைத்தார். பெரியம்மா பின்னால் கிட்டத்தட்ட ஓடினார். துறை வாசலுக்கு வந்ததும், தப்பாக நினைத்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நெட்டை அசையவில்லை. "வாயால சொன்னது கணக்குல வராதுன்னு தினமும் ஜன்னல்ல சொல்றது நீங்கதானே மேடம்? எழுதிக் குடுங்க."

பெரியம்மா உள்ளே போய், துறைத்தலைவருக்கு ஒரு பக்கம் எழுதினார். பை எங்கே போனது, யார் கவிழ்த்தது, யார் சொல்லிக் கவிழ்த்தது, அட்டெண்டர் மேல் தான் சொன்னது எவ்வளவு ஆதாரமில்லாதது என்று எல்லாம் எழுதினார். இத்தனை நாளும் அவரை எண்ணவிடாமல் சுவரைப் பார்த்து நிற்கவைத்துக் கையெழுத்து மட்டும் வாங்கியதையும் எழுதினார். அதை யாரும் கேட்கவில்லை. சொந்தப் பணத்தைப் பையில் போட்டதையும் விடவில்லை. நெட்டை நின்றபடியே முழுவதும் படித்தார். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா தேதி போட்டார்.

பெரியம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. மழைக்காலம் தொடங்கும் முன்பு நெட்டைக்கு நிரந்தர ஆணை வந்தது. டைப்பிஸ்ட் பெண்ணுக்குச் சில்லறைப் பை என்றால் என்ன என்று பெரியம்மாவே பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பாதியில் எழுந்து பீரோவை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாராம்.

இப்போது மாலையில் நெட்டை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணுகிறார். ஒவ்வொரு நோட்டையும் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, தடவி, அடுக்கி, நடுவில் சந்தேகம் வந்தது போல நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குகிறார். காசாளர் அலுவலகம் மூட நேரமாகிறது என்று பெரியம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், உதட்டைக் கடிக்கிறார். சீக்கிரம் என்று மட்டும் சொல்வதில்லை.