ஹக்கீமின் கட்டைவிரல்

கையில் எது கிடைத்தாலும் ஹக்கீம் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு தேய் தேய்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். கம்பத்தில் இருபத்தைந்து வருட ஏலக்காய் வியாபாரம் தந்த பழக்கம். இப்போது கல்யாணப் பத்திரிகையைக்கூட விடுவதில்லை. காயைத் தொட்டே எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். சொன்னதில் பாதியாவது சரியாக இருக்கும்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கோட்டயத்து டாக்டர் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கிய, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கைலியோடு அதில் ஏறுவதைப் பார்த்தால் கிணற்றில் இறங்குகிறாரோ என்று தோன்றும். ஒரு சீட் அவருக்கு, இன்னொன்று மனைவி ரெஹானாவுக்கு.

போன மழைக்காலத்தில் குமுளி மலையிறக்கத்தில் பின்பக்க பிரேக் வீறிட்டது. லோயர்கேம்ப் வந்ததும், "நீங்க மெதுவா வாங்க, நான் பஸ்ல போறேன்" என்று ரெஹானா இறங்கிவிட்டார். கம்பம் வரை அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஹக்கீம் ஊர்ந்து வந்தார். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடு தேய்ந்து தகடாகியிருந்தது. புதுசு மாட்டும்வரை ஏறமாட்டேன் என்று ரெஹானா சொல்லிவிட, வண்டி ஷெட்டிலேயே கிடந்தது.

கொச்சியில் சொல்லிவைத்து, மூன்று மாதம் கழித்துப் பேடு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை குமுளியில் கொழுந்தியா வீட்டு விருந்து. பக்கத்தில் ரெஹானாவோடு மலையேற வேண்டும். அந்த ஆசையில் சனிக்கிழமை காலையிலேயே வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டார். மெக்கானிக் தங்கப்பாண்டிக்குக் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பது மட்டும்தான் வேலை.

வலது சக்கரம் முடிந்தது. இடது பக்கம், பிரேக்கைத் தாங்கும் ஊசிகளுக்கு விரலாலேயே கிரீஸ் தடவினார். அடுத்துப் புதுப் பேடை எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? அதன் முகத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"பாய்! கிரீசுக் கை! என்ன வேலை பாத்தீக!"

கறுப்பாக ஒரு தீற்று. பிடிக்க வேண்டிய இடம் இனி வழுக்கும். ஹக்கீமுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டிருவோம். நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் தங்கப்பாண்டி.

"வேணாம்ப்பா. ஈரம் பட்ட ஒரு காயக் கண்டா மூடையவே திருப்பி அனுப்புறவன் நான். எம் பொண்டாட்டிய வச்சுக்கிட்டு மலை எறங்கணும்ல?"

ஒரு பக்கம் மட்டும் புதுசு இருந்தால் பிரேக் ஒருபக்கமாக இழுக்கும் என்று வலது பக்கம் மாட்டியதையும் கழற்றினார். பழைய பேடுகளையே போட்டு, வண்டியைத் தரையில் இறக்கினார். அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"நாந்தான் கெடுத்துப்புட்டேன், ரெஹானா. கிரீசுக் கையோட தேச்சுட்டேன். நாளைக்குப் பஸ்லயே போயிருவோம்."

ரெஹானா அவர் கையிலிருந்த பேடைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்தார். உள்ளே உட்கார்ந்து, எங்கும் போகாத அந்த வண்டியில், சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.