சுதாகரன் அண்ணை ஏற்றிய கல்வெட்டுகள்

கொடிகாமம் சந்தைக்குப் பின்னாலுள்ள அச்சகத்தில் சுதாகரன் அண்ணை பதின்மூன்று வருடமாகக் கல்வெட்டு வடிவமைக்கிறார். கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் இறந்தவரின் நினைவுப் புத்தகம். முகப்பில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் பிள்ளைகளின் புலம்பல். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் சாப்பிட்டு எழும்புகிற எல்லோருடைய கையிலும் ஒன்று கொடுப்பார்கள். யாரும் விலை கேட்பதில்லை.

சுவிசில் விசா இல்லாமல் இருந்த கனகரத்தினத்தால் தகப்பனின் செத்தவீட்டுக்கு வரமுடியவில்லை. கல்வெட்டையாவது காட்டச் சொல்லிக் கேட்டார். அண்ணை அதை இணையத்தில் ஏற்றினார். பிறகு வேறு ஆட்களும் கேட்டார்கள். இருநூற்றுச் சொச்சம் கல்வெட்டுகள் சேர்ந்தன. யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். தளத்தின் வருட வாடகைக்காக விளம்பரம் போட்டார். தன் தளத்து விளம்பரத்தைத் தானே அழுத்தினால் கணக்கை மூடிவிடுவார்கள் என்று எங்கோ வாசித்திருந்தார். கைதவறிப் பட்டுவிடுமோ என்ற பயத்தில் தளத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. அச்சகத்துக் கணினி பழுதான பிறகு, பழைய கல்வெட்டுகள் அந்தத் தளத்தில் மட்டும்தான் இருந்தன.

போன மாசியில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். கம்பஸ் போன முதல் ஆள் நான். அது பதிப்புரிமை முறைப்பாடு. செய்தவள் பக்கத்து ஒழுங்கைப் பிரியந்தினி. தாயின் கல்வெட்டில் புலம்பலை எழுதியவள் அவள். அதையும் அண்ணை அவளைக் கேட்காமலே ஏற்றியிருந்தார்.

“சும்மா குடுத்ததுதானே, தம்பி. அதுவும் நான் அடிச்ச புத்தகம்,” என்றார் அண்ணை.

எனக்கும் அது சரியென்றே பட்டது. வடிவமைத்தவருக்கே உரிமை என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, முறைப்பாட்டை மீளப் பெறச் சொல்லிக் கேட்க அவள் வீட்டுக்குப் போனோம்.

“கடிதத்தின்ரை கொப்பி எனக்கும் வந்தது.” பிரியந்தினி என்னைத்தான் பார்த்தாள். “நல்ல இங்கிலிசு. கம்பஸிலை உதைத்தானோ படிப்பிக்கினம்?”

அண்ணை இடையில் புகுந்தார்.

“பிள்ளை, அந்தியேட்டிக்கு வந்த எல்லாருக்கும் குடுத்ததுதானே...”

“எங்களோடை இருந்து அழுத ஆக்களுக்குக் குடுத்தம், அண்ணை. இதைப் பாருங்கோ.”

போனை நீட்டினாள். புற்றுநோயில் கிடந்த அம்மா கடைசியில் இருபத்தொன்பது கிலோதான் இருந்தா என்று அவள் எழுதிய வரி. அதற்கு நேர் கீழே, ஏழே நாளில் உடம்பு மெலியும் என்று ஒரு மருந்து விளம்பரம்.

அண்ணை தன் தளத்தை அன்றுதான் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு தகப்பனின் படத்துக்குப் பக்கத்தில் சூதாட்டம். ஒரு விதவையின் புலம்பலுக்கு நடுவில் கலியாணத் தரகு. தன்னுடைய போனை எடுத்தார். அந்தக் கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் அழித்தார்.

“அம்மாவின்ரையை மட்டும் எடுத்தால் காணும்,” என்று பிரியந்தினி பதறிச் சொன்னபோது தளத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

வைகாசியில் கனகரத்தினம் சுதாகரன் அண்ணையை அழைத்தார்.

“தம்பி, அப்பாவின்ரை திவசம் வருது. ஒவ்வொரு வருசமும் அதைத்தான் வாசிக்கிறனான். திறக்குதில்லையே.”

“ஒரு கிழமை தாங்கோ, அண்ணை,” என்றார் சுதாகரன் அண்ணை.

பதினொரு வீடு ஏறி இறங்கினோம். கடைசியில் மீசாலையில், கனகரத்தினத்தின் மாமி ஒருவரின் அலுமாரிக்குள் ஒரு பிரதி இருந்தது. முகப்பைக் கறையான் தின்றிருந்தது. தகப்பனின் படம் இல்லை. புலம்பல் பக்கம் மட்டும் முழுதாகக் கிடந்தது. சுவிசிலிருந்து மகன் அழுதழுது சொல்ல, அண்ணை போனைக் காதில் வைத்தபடி தட்டச்சிட்ட பக்கம்.

அண்ணை படமெடுக்கப் போனைத் தூக்கினார். பிறகு தாழ்த்தினார்.

“எடுக்கலாமோ, அம்மா?”

“உதுக்கென்ன கேள்வி மோனே? சும்மா குடுத்த புத்தகம்தானே,” என்றார் அந்த அம்மா.

அண்ணை ஒரு கையில் புத்தகமும் மறு கையில் போனுமாக எடுத்ததில் முதல் இரண்டு படங்களும் கலங்கிப்போயின. நான் புத்தகத்தை வாங்கி விரித்துப் பிடித்தேன்.